எச்சரிக்கை நம் இல்லம் வந்து சேருமா?

புயலைத் தடுத்து நிறுத்தும் ஆற்றல் மனிதனுக்கு இல்லை. அது வருவதை முன்னரே அறிந்து, வழிவிட்டு விலகி நிற்கும் அறிவு அவனுக்கு வாய்த்திருக்கிறது. அவ்வறிவை நாட்டு மக்களுக்கு வழங்கும் பொறுப்பை இந்திய வானிலை ஆய்வுத் துறை 1875ஆம் ஆண்டு முதல் ஏற்று நடத்தி வருகிறது. துறைமுகத்தில் புயற்கூண்டு ஏற்றப்பட்டதும், தெருவிலே தண்டோரா போடப்பட்டதும், வானொலிச் செய்தியை அடுத்து வானிலை அறிக்கை வாசிக்கப்பட்டதும் நம் பெற்றோர் காலத்து வழக்கம். இன்று அதே அறிக்கை நம் சட்டைப்பையில் உள்ள கைப்பேசிக்கே வருகிறது. ஆயினும், வானிலை மையத்தை விட்டுப் புறப்பட்ட எச்சரிக்கை உரிய நேரத்தில் நம் வீட்டாரின் செவியை எட்டுகிறதா என்பதே கேள்வி.

வடகிழக்குப் பருவமழை தொடங்கும் அக்டோபருக்கு முன்பே கூரை ஓட்டையும் வாய்க்கால் அடைப்பையும் சரிசெய்கிறோம். அவற்றோடு கைப்பேசியில் ஒரு நல்ல எச்சரிக்கைச் செயலியை அமைத்துக்கொள்வதும் இனிக் குடும்பக் கடமைகளுள் ஒன்றாக வேண்டும். எதைத் தேர்ந்தெடுப்பது, எவ்வாறு பயன்படுத்துவது என்பவற்றைச் சற்று விரிவாக ஆராய்வோம்.

அறிவிப்புக்கும் செவிக்கும் இடையே

1964ஆம் ஆண்டு டிசம்பர் 22ஆம் நாள் இரவு தனுஷ்கோடியைப் புயல் தாக்கியபோது, பாம்பனிலிருந்து சென்ற பயணிகள் இரயில் அலைகளுக்கு இரையாயிற்று. இருளிலும் புயற்காற்றிலும் முன்னே நிகழ்வதை இரயிலில் இருந்தவர்களுக்குச் சொல்ல அன்று வழியில்லை. தந்தியும் தொலைபேசியும் அறுந்தால் செய்தியும் அறுந்துபோகும் காலம் அது.

2017ஆம் ஆண்டிலோ நிலைமை வேறு. கைப்பேசி இல்லாத வீடு அரிது. அவ்வாண்டு நவம்பர் 29ஆம் நாள் தென்மேற்கு வங்கக் கடலில் இருந்த தாழ்வு மண்டலம், மறுநாள் காலையிலேயே குமரிக் கடற்பகுதியில் ஒக்கிப் புயலாக வலுப்பெற்றது. வள்ளவிளை, சின்னத்துறை, தூத்தூர், நீரோடி முதலிய ஊர்களின் மீனவர்களில் பலர் பல நாள்களுக்கு முன்பே ஆழ்கடலுக்குச் சென்றிருந்தனர். கரையில் ஆலய ஒலிபெருக்கியில் அறிவித்தாலும் வீட்டார் கைப்பேசியில் அழைத்தாலும் அவர்களை எட்டாது. தமிழகமும் கேரளமும் சேர்ந்து இழந்த மீனவர் நூற்றுக்கணக்கினர். அவர்களுள் கரைக்கு உடலும் திரும்பாதோர் மிகப் பலர்.

2023ஆம் ஆண்டு டிசம்பர் 17, 18 தேதிகளில் தூத்துக்குடி, திருநெல்வேலி மாவட்டங்களில் பெய்த மழையையும் எண்ணிப் பார்க்க வேண்டும். காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் மழை பதிவாயிற்று. திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குப் புறப்பட்ட விரைவு இரயில் ஸ்ரீவைகுண்டத்தில் சிக்கிக்கொள்ள, நூற்றுக்கணக்கான பயணிகள் வெள்ளத்தின் நடுவே தவித்தனர். கனமழை வரும் என்பது பலருக்குத் தெரிந்தே இருந்தது. அது எவ்வளவு பெருமழை என்பது தெரியவில்லை.

முதல் நிகழ்ச்சியில் செய்தி செல்ல வழியில்லை. இரண்டாவதில் வழியிருந்தும் ஆழ்கடல்வரை எட்டவில்லை. மூன்றாவதில் எட்டிய செய்தியின் முழுப் பொருள் விளங்கவில்லை. ஒரு செயலியைத் தேர்ந்தெடுக்கும்போது இம்மூன்று இடையூறுகளையும் நாம் மனத்திற்கொள்ள வேண்டும்.

அரசு வழங்கும் செயலிகள்

கட்டணமின்றிக் கிடைக்கும் அரசுச் செயலிகள் சிலவற்றை முதலில் அறிந்துகொள்வோம்.

‘மௌசம்’ என்பது வானிலைத் துறையின் பொதுச் செயலி. 2020ஆம் ஆண்டு ஜூலையில் வெளியிடப்பட்டது. நகரங்களின் அன்றாட வானிலை, ஏழு நாள் முன்னறிவிப்பு, அடுத்த மூன்று மணி நேரத்திற்கான உடனடி அறிவிப்பு, மாவட்ட வாரியான நிற எச்சரிக்கை ஆகியவை இதில் உண்டு. ராடார் படங்களையும் காணலாம்.

‘சசேத்’ என்பது தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையத்தின் செயலி. புயல், வெள்ளம், மின்னல், வெப்ப அலை எனப் பலவகை இடர்களுக்கும் உரிய துறைகள் விடுக்கும் எச்சரிக்கைகள் இதில் ஒருங்கே திரட்டப்படுகின்றன. தமிழ் உள்ளிட்ட இந்திய மொழிகளில் இதனைப் பயன்படுத்தலாம். நாம் இருக்கும் இடத்திற்குரிய எச்சரிக்கை மட்டுமன்றி, நாம் விரும்பும் வேறொரு மாவட்டத்திற்குரியதையும் கேட்டுப் பெறலாம். மகன் சென்னையிலும் தாய் நாகப்பட்டினத்திலும் வாழும் குடும்பங்களுக்கு இது பெரிதும் உதவும்.

‘டி.என். அலர்ட்’ என்பது தமிழ்நாடு அரசு 2024ஆம் ஆண்டில் அறிமுகப்படுத்திய செயலி. வானிலை எச்சரிக்கைகளைத் தமிழிலேயே தருவதோடு, மழையளவு, நீர்த்தேக்கங்களின் நிலை ஆகியவற்றையும் காட்டும். ஆற்றங்கரையிலும் ஏரிக்கரையிலும் வாழ்வோர், வானத்து மழையைப் போலவே அணையின் நீர்மட்டத்தையும் அறிய வேண்டியவர்கள். 2015ஆம் ஆண்டு டிசம்பர் தொடக்கத்தில் செம்பரம்பாக்கம் ஏரியும் அடையாறும் கற்பித்த பாடத்தைச் சென்னை மக்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

‘தாமினி’ மின்னலுக்கென்றே அமைந்தது. புனேயிலுள்ள இந்திய வெப்பமண்டல வானிலையியல் நிறுவனம் உருவாக்கியது. நாடெங்கும் நிறுவப்பட்ட உணர்கருவிகளின் வாயிலாக, நம்மைச் சுற்றி 20 முதல் 40 கிலோமீட்டர் தொலைவிற்குள் மின்னல் தாக்குவதை உடனுக்குடன் காட்டும். வயலில் வேலை செய்வோர், ஆடு மாடு மேய்ப்போர், திறந்த வெளியில் விளையாடும் பிள்ளைகளைக் கண்காணிப்போர் ஆகியோருக்கு இது மிகவும் ஏற்றது.

உழவர்களுக்கெனப் பயிர் சார்ந்த அறிவுரையுடன் வரும் ‘மேகதூத்’ செயலியும் உண்டு. பொதுவான எச்சரிக்கைக்கு ஒன்று, தொழிலுக்கும் வாழுமிடத்திற்கும் ஏற்ப மற்றொன்று என இரண்டே போதுமானவை. பத்துச் செயலிகளை நிரப்பி வைத்தால், ஓயாது ஒலிக்கும் மணியை எவரும் பொருட்படுத்தாத நிலையே விளையும்.

கேட்க வேண்டிய ஆறு கேள்விகள்

அரசுச் செயலிகளுக்கு அப்பால் தனியார் செயலிகளும் அயல்நாட்டுச் செயலிகளும் எத்தனையோ உள்ளன. எதனை ஏற்பதாயினும் பின்வரும் கேள்விகளைக் கேட்டுப் பார்த்தல் நன்று.

முதலாவது, எச்சரிக்கை யாருடையது? அமெரிக்காவின் அல்லது ஐரோப்பாவின் கணினி மாதிரிகள் கணித்துத் தரும் எண்களை அப்படியே வண்ணப்படமாகக் காட்டும் செயலிகள் பல. ‘விண்டி’ போன்றவை காற்றின் போக்கைக் கண்ணுக்கு இனிதாகக் காட்டுகின்றன; கற்பதற்கும் உதவுகின்றன. எனினும் கணினியின் கணிப்பு வேறு, அதனை ராடாரோடும் செயற்கைக்கோள் படத்தோடும் ஒப்பிட்டு வல்லுநர் முடிவெடுத்து விடுக்கும் எச்சரிக்கை வேறு. பத்து நாளுக்குப் பின் வரக்கூடிய ஒரு புயலை ஒரு மாதிரி காட்டும், மறுநாளே அழித்துவிடும். அதனைப் படம்பிடித்துப் புலனக் குழுக்களில் பரப்புவோரால் வீண் பீதி உண்டாகிறது. வெளியேறுவதா, வீட்டிலிருப்பதா என்ற முடிவை வானிலைத் துறையின் எச்சரிக்கையை ஆதாரமாகக் கொண்டே எடுக்க வேண்டும்.

இரண்டாவது, எந்த இடத்திற்கு உரியது? மாவட்டம் முழுமைக்கும் ஓர் எச்சரிக்கை எனில், மலையடிவாரமும் கடற்கரையும் ஒன்றாகவே கருதப்படும். கைப்பேசி இருக்கும் இடத்தை அறிந்து செய்தி தரும் செயலி இக்குறையை ஓரளவு நீக்கும். அதற்கு இருப்பிடத்தை அறியும் அனுமதியை நாம் வழங்க வேண்டும்.

மூன்றாவது, மொழி என்ன? நள்ளிரவில் ஆங்கிலத்தில் வரும் செய்தியைப் பாட்டிக்கு யார் படித்துச் சொல்வது? வீட்டிலுள்ள மூத்தவர் தாமே படித்து அறியக்கூடிய மொழியில் செய்தி வர வேண்டும்.

நான்காவது, நாம் திறந்து பார்க்காவிடினும் அது தானே நம்மை எழுப்புமா? திறந்தால்தான் செய்தி தெரியும் என்றால் அது செய்தித்தாளுக்கு ஒப்பானது, காவற்காரனுக்கு ஒப்பாகாது.

ஐந்தாவது, செய்தி விடுக்கப்பட்ட நேரமும் காலாவதியாகும் நேரமும் குறிக்கப்பட்டுள்ளனவா? நேற்றைய எச்சரிக்கையை இன்றையதென மயங்குவதும், இன்றையதை நேற்றையதென ஒதுக்குவதும் ஒருங்கே ஆபத்தானவை.

ஆறாவது, செயலி நம்மிடம் கேட்பது என்ன? வானிலை சொல்வதற்கு இருப்பிடம் தெரிந்தால் போதும். நம் தொடர்பு எண்களையும் படங்களையும் கேட்கும் செயலியை ஐயத்தோடு நோக்குக. அதிகாரபூர்வக் கடையிலிருந்து மட்டுமே பதிவிறக்குக. வெளியிட்டவர் பெயரைப் பார்த்தபின் நிறுவுக.

நிறமும் சொல்லும்

எச்சரிக்கை வந்தாலும் அதன் பொருள் தெரியாவிடில் பயனில்லை. பச்சை என்றால் எச்சரிக்கை எதுவுமில்லை. மஞ்சள் என்றால் கவனித்திரு. ஆரஞ்சு என்றால் ஆயத்தமாகு. சிவப்பு என்றால் செயலில் இறங்கு.

மழையளவிலும் இவ்வாறே வரையறை உண்டு. 24 மணி நேரத்தில் 64.5 முதல் 115.5 மில்லிமீட்டர் வரை பெய்தால் கனமழை, 115.6 முதல் 204.4 வரை மிகக் கனமழை. அதற்கு மேற்பட்டது அதிகனமழை. ஒரு சென்ட் நிலத்தில் 20 சென்டிமீட்டர் மழை பெய்தால், அந்நிலத்தின்மீது விழுந்த நீர் ஏறத்தாழ 8,000 லிட்டர். பத்து சென்ட் மனையில் 80,000 லிட்டர். அது எங்கே வடியும் என்பதை ஒவ்வொரு வீட்டாரும் இப்போதே எண்ணிப் பார்க்கலாம்.

இங்கே நுட்பமான ஒன்றைக் கவனிக்க வேண்டும். அதிகனமழைக்குக் கீழ் எல்லை உண்டு. மேல் எல்லை இல்லை. 21 சென்டிமீட்டர் மழையும் அந்த வகுப்புதான். காயல்பட்டினத்தில் கொட்டிய 95 சென்டிமீட்டரும் அதே வகுப்புதான். ஆகவே சிவப்பு நிறத்தைக் கண்டபின், ‘சென்ற முறையும் சிவப்புதானே, ஒன்றும் நேரவில்லையே’ என்று ஆறியிருத்தல் தகாது.

‘ஓரிரு இடங்களில்’ என்ற தொடரும் பலரை ஏமாற்றுவதுண்டு. ஒரு பகுதியிலுள்ள மழைமானி நிலையங்களில் நூற்றுக்கு 25 வரை மழை பெறும் எனில் ‘ஓரிரு இடங்கள்’ என்பர். 26 முதல் 50 வரை ‘சில இடங்கள்’. 51 முதல் 75 வரை ‘பல இடங்கள்’. அதற்கு மேல் ‘பெரும்பாலான இடங்கள்’. இத்தொடர்கள் மழை பெறும் பரப்பைக் குறிப்பனவேயன்றி, மழையின் வலிமையைக் குறிப்பன அல்ல. ‘ஓரிரு இடங்களில் அதிகனமழை’ என்று அறிவிக்கப்பட்டால், அந்த ஓரிரு இடங்களுள் ஒன்று நம் ஊராக இருக்கலாம்.

செயலி இல்லாமலும் வரும் எச்சரிக்கை

2023ஆம் ஆண்டில் நம் கைப்பேசிகள் ஒருநாள் திடீரென உரத்த ஒலியெழுப்பி, ‘இது சோதனைச் செய்தி’ என்று காட்டியதைப் பலர் நினைவில் வைத்திருப்பர். அதற்குச் செல்லிட ஒலிபரப்பு என்று பெயர். ஒரு கோபுரத்தின் எல்லைக்குள் இருக்கும் கைப்பேசிகள் அனைத்திற்கும் ஒரே நேரத்தில் செய்தி செல்லும். அதற்கு இணைய இணைப்பு வேண்டுவதில்லை. நம் எண் எவருக்கும் தெரிந்திருக்க வேண்டுவதில்லை. அழைப்புகள் நெரிசலில் சிக்கும் வேளையிலும் அது தடைப்படுவதில்லை. கைப்பேசியின் அமைப்புகளில் ‘கம்பியில்லா அவசர எச்சரிக்கைகள்’ என்ற பகுதி நிறுத்தி வைக்கப்படாமல் இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்க.

செயலியை நிறுவியபின் மேலும் மூன்று காரியங்களைச் செய்தல் அவசியம். அறிவிப்புக்கான அனுமதியை ஒலியோடு வழங்குக. மின்கலச் சேமிப்பு முறை அச்செயலியை உறங்க வைத்துவிடாதபடி விலக்களிக்குக. இரவில் ‘தொந்தரவு செய்யாதே’ என்று அமைத்து உறங்குவோர், எச்சரிக்கைச் செயலிக்கு மட்டும் வழிவிடுக. இவற்றைச் செய்யாதவர் வீட்டில் செயலி இருந்தும் இல்லாததே.

கடலுக்குச் செல்வோரும் கடலைக் காணச் செல்வோரும்

கரையிலிருந்து சில கடல்மைல் கடந்ததும் கைப்பேசிக் கோபுரத்தின் தொடர்பு அற்றுவிடும். ஆழ்கடல் மீனவர் கைப்பேசிச் செயலியை மட்டும் நம்பிச் செல்வது தகாது. ஒக்கிப் புயலுக்குப் பின், செயற்கைக்கோள் வாயிலாக வரும் எச்சரிக்கையைப் பெற்றுக் கைப்பேசிக்கு அளிக்கும் ‘ஜெமினி’ என்னும் கருவி 2019ஆம் ஆண்டில் அறிமுகமாயிற்று. அது செய்தியைப் பெறும். படகிலிருந்து அனுப்ப இயலாது. இரு வழியிலும் செய்தி செல்லும் டிரான்ஸ்பாண்டர் கருவிகளை ஒரு இலட்சம் படகுகளில் பொருத்தும் திட்டம் 2024ஆம் ஆண்டு ஆகஸ்டில் தொடங்கப்பட்டது. உங்கள் வீட்டார் செல்லும் படகில் இத்தகைய கருவி உள்ளதா, அது இயங்கும் நிலையில் உள்ளதா என்று புறப்படுமுன் கேட்க வேண்டியது வீட்டாரின் உரிமை.

கரையில் நிற்போருக்கும் ஓர் எச்சரிக்கை உண்டு. தென்னிந்தியப் பெருங்கடலில், ஆயிரக்கணக்கான கிலோமீட்டருக்கு அப்பால் எழும் புயல்களால் உருவாகும் பேரலைகள், சில நாள்களுக்குப் பின் நம் கரையை வந்து அடையும். இதனைக் ‘கள்ளக்கடல்’ என்பர். இங்கே காற்று இராது, மழை இராது, வானம் தெளிந்திருக்கும். கடல் மட்டும் திடீரெனச் சீறும். 2024ஆம் ஆண்டு மே 6ஆம் நாள், கள்ளக்கடல் சீற்றம் நிலவிய நாள்களில், கன்னியாகுமரி மாவட்டம் கணபதிபுரம் அருகிலுள்ள லெமூர் கடற்கரையில் மருத்துவ மாணவர் ஐவர் அலைகளில் சிக்கி மாண்டனர். மழைப்படத்தை மட்டும் காட்டும் செயலியில் இந்த ஆபத்து புலப்படாது. ஐதராபாத்திலுள்ள இந்தியக் கடல்சார் தகவல் மையமே இதற்கான எச்சரிக்கையை விடுக்கிறது. விடுமுறைக்குக் கடற்கரை செல்லும் குடும்பத்தார் அதனைப் பார்த்தபின் புறப்படுவது நன்று.

வீட்டில் ஓர் ஒழுங்கு

செயலி சொல்லும், செய்ய வேண்டியவர்கள் நாம். ஆகவே ஒரு மாலைப்பொழுதில் குடும்பத்தார் அனைவரும் கூடியிருந்து, எந்த நிறத்திற்கு என்ன செய்வது என்று பேசி முடிவெடுத்தல் வேண்டும்.

மஞ்சள் வந்தால், நாளொன்றுக்கு இருமுறை செய்தி பார்க்கும் பொறுப்பை ஒருவர் ஏற்கட்டும். ஆரஞ்சு வந்தால், கைப்பேசிகளுக்கும் மின்தேக்கிக்கும் முழுமையாக மின்னேற்றி, குடிநீர், மருந்து, மெழுகுவத்தி, தீப்பெட்டி, டார்ச் விளக்கு ஆகியவற்றை ஓரிடத்தில் சேர்த்து, குடும்ப அட்டை, நிலப் பத்திரம், பள்ளிச் சான்றிதழ் முதலியவற்றை நீர் புகாத பையில் இடுக. சிவப்பு வந்தால், தாழ்வான இடத்தில் வாழ்வோர் இருட்டுமுன் பாதுகாப்பான கட்டடத்திற்குச் செல்க. ‘வெள்ளம் வரட்டும், பார்ப்போம்’ என்று காத்திருந்தவர்களையே படகில் சென்று மீட்க நேர்கிறது. நடக்கக்கூடிய நேரத்தில் நடந்தவர்களுக்குப் படகு வேண்டியதில்லை.

புயலுக்கு வானிலைத் துறை படிப்படியாக எச்சரிக்கை விடுக்கும். ஏறத்தாழ 72 மணி நேரத்திற்கு முன் கண்காணிப்பு அறிவிப்பு, 48 மணி நேரத்திற்கு முன் முன்னெச்சரிக்கை, 24 மணி நேரத்திற்கு முன் புயல் எச்சரிக்கை, 12 மணி நேரத்திற்கு முன் கரை கடந்தபின் நேரக்கூடியவற்றைப் பற்றிய அறிவிப்பு என்பது முறை. 2018ஆம் ஆண்டு நவம்பர் 16ஆம் நாள் அதிகாலையில் நாகப்பட்டினத்திற்கும் வேதாரண்யத்திற்கும் இடையே கரையைக் கடந்த கஜாப் புயலின்போது, முன்கூட்டியே முகாம்களுக்குச் சென்றவர்கள் பல்லாயிரவர். தென்னைகளையும் கூரைகளையும் காக்க முடியவில்லை. எத்தனையோ உயிர்களைக் காக்க முடிந்தது.

மின்னலுக்கு இவ்வளவு அவகாசம் கிடையாது. மின்னலைக் கண்டபின் இடியோசை கேட்கும்வரை நொடிகளை எண்ணி, மூன்றால் வகுத்தால் அது எத்தனை கிலோமீட்டர் தொலைவில் என்பது தெரியும். எண்ணிக்கை 30க்குக் குறைந்தால் உடனே உள்ளே செல்க. மரத்தடியில் ஒதுங்குதல் அறவே கூடாது. கடைசி இடியோசைக்குப் பின் அரைமணி நேரம் கழித்தே வெளியே வருக.

இறுதியாக, அண்டை வீட்டாரை மறவாதீர். தனித்து வாழும் முதியவர், பொத்தான் கைப்பேசி வைத்திருப்பவர், செவிப்புலன் குன்றியவர், வெளி மாநிலத்திலிருந்து வந்து தமிழ் அறியாது உழைக்கும் தொழிலாளர் ஆகியோருக்கு நம் செயலியின் ஒலி கேட்காது. நம் கைப்பேசி ஒலித்ததும், யார் யார் வீட்டுக் கதவைத் தட்ட வேண்டும் என்று ஒரு சிறு பட்டியல் எழுதிச் சுவரில் ஒட்டி வைப்போம். மின்கலத்தில் இயங்கும் சிறு வானொலிப் பெட்டியொன்றும் வீட்டில் இருக்கட்டும். கோபுரம் சாய்ந்து கைப்பேசி ஊமையாகும்போது அதுவே துணை. மாநிலக் கட்டுப்பாட்டு அறை 1070, மாவட்டக் கட்டுப்பாட்டு அறை 1077, கடலோரக் காவற்படை 1554 ஆகிய எண்களையும் அப்பட்டியலின் கீழே பெரிய எழுத்தில் எழுதுக.

மழைக்காலம் தொடங்குமுன் வரும் ஞாயிறு மாலையில் அரைமணி நேரம் ஒதுக்கினால் இவையனைத்தும் முடிந்துவிடும். பிள்ளைகள் செயலியை அமைக்கட்டும்; பெரியவர்கள் பட்டியலை எழுதட்டும். கறுத்த மேகம் கூடியபின் தேடுவதைக் காட்டிலும், வானம் தெளிந்திருக்கும்போதே ஆயத்தமாவது அறிவுடைமை.